காக்க வைக்கும் கட்டற்ற தளங்கள்

ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி என்று ரீசார்ஜ் செய்தவரின் போனில் அது தீர்ந்துபோனாலும் இணைப்பு அறுந்துவிடுவதில்லை. பெரும்பாலும் நொடிக்கு 64 கிலோபிட் வேகத்துக்கு இறங்கி ஊர்ந்துகொண்டிருக்கும். அதாவது நொடிக்கு 8 கிலோபைட். 50 கிலோபைட் எடையுள்ள பக்கம் ஆறேழு நொடியில் வந்துவிடும். 2 மெகாபைட் பக்கம் என்றால் நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். திருச்சியை ஒட்டிய திருவெறும்பூரில், கைலாசபுரம் குடியிருப்பில், துவாக்குடி கல்லூரி விடுதிகளில், பட்டறை வேலை முடித்து பஸ்ஸுக்கு நிற்பவர்களின் கையில், இரவு நேரத்தில் பலருக்குக் கிடைக்கும் இணையம் இதுதான். தமிழ் விக்கிப்பீடியா, விக்கிமூலம், மதுரைத் திட்டம் என்று காசு வாங்காமல் யாரோ செய்து வைத்த பொதுச்சொத்து எல்லாம் இந்தக் குழாய் வழியாகத்தான் அவர்களை வந்தடைய வேண்டும். அது மெதுவாக வந்தால் என்ன ஆகிறது, யாருக்கு ஆகிறது என்பதைப் பற்றி இதுவரை தெரிய வந்திருப்பவற்றைத் தொகுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் வேலை.

காத்திருப்பதைப் பற்றிய ஆய்வுகள் பழையவை. 1993இல் ஜேக்கப் நீல்சன் மூன்று எல்லைகளைச் சொன்னார். பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் பதில் வந்தால், நாமே கையால் செய்ததுபோல இருக்கும். ஒரு நொடி வரை எண்ணம் அறுபடாது. பத்து நொடி தாண்டினால் மனம் வேறு வேலைக்குப் போய்விடும். 2009இல் கூகிள் தன் தேடல் பக்கத்தை வேண்டுமென்றே 100 முதல் 400 மில்லிநொடி வரை தாமதப்படுத்திப் பார்த்தது. தேடல்கள் 0.2 முதல் 0.6 சதவீதம் வரை குறைந்தன. கண் இமைக்கும் நேரத்துக்கே இந்த விளைவு.

இவையெல்லாம் வணிகத் தளங்களையும் பொதுவான திரைகளையும் வைத்துச் சொன்னவை. வணிகத் தளம் மெதுவானால் வாங்க வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போவார். நடத்துபவர் அதை அன்றைய விற்பனையிலேயே பார்த்துவிடுவார். கட்டற்ற திட்டத்தில் விற்பனை என்று ஒன்று இல்லை. அங்கே வாசகராக வருபவர்தான் நாளைக்கு ஒரு பிழையைத் திருத்துபவர், மறுநாள் ஒரு கட்டுரை எழுதுபவர், அடுத்த ஆண்டு நிரல் எழுதுபவர். தளம் மெதுவாக இருப்பதால் போகிறவர் ஒரு வாடிக்கையாளராக மட்டும் போவதில்லை. வேலை செய்திருக்கக்கூடிய ஒரு கையாகவும் போகிறார். அந்த இழப்பு எந்தப் பேரேட்டிலும் பதிவாவதில்லை. ஆங்கிலத் திட்டங்களுக்கு இது தாங்கக்கூடிய இழப்பாக இருக்கலாம். 2003 செப்டம்பரில் தொடங்கி 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்ட தமிழ் விக்கிப்பீடியாவை மாதந்தோறும் நடத்திச் செல்பவர்கள் சில நூறு பேர். அங்கே பத்துப் பேர் வராமல் போனால் அது பெரிய எண்.

விக்கிப்பீடியாவின் மென்பொருள் வரலாறே மெதுவோடு நடந்த போராட்டம்தான். 2001 ஜனவரியில் பெர்ல் மொழியில் எழுதிய ஒரு சிறு விக்கி நிரலில் தொடங்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் அது தாங்கவில்லை. 2002 ஜனவரியில் மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மன் மாணவர் பிஎச்பியில் எழுதியதற்கு மாறினார்கள். கூட்டம் கூடியதும் அதுவும் திணற, அதே ஆண்டு ஜூலையில் லீ டேனியல் கிராக்கர் மீண்டும் எழுதினார். அதன் வாரிசுதான் இன்றைய மீடியாவிக்கி. தமிழ் விக்கிப்பீடியா மட்டுமல்ல, ஈழத்து நூல்களைச் சேர்க்கும் நூலகம் தளமும் இயங்குவது இந்த மென்பொருளில்தான். எனவே அங்கே சேமிக்கப்படும் ஒவ்வொரு நொடியும் நமக்கும் சேர்த்துச் சேமிக்கப்படுவது.

இந்தப் போராட்டத்தில் கண்டுபிடித்த பெரிய உபாயம் தற்காலிக நகல். ஒரு பக்கத்தை முதல்முறை யாரோ கேட்டபோது கட்டித் தயாரித்த வடிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்து கேட்பவர்களுக்கு அதையே கொடுப்பது. வாசிக்க மட்டும் வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் பெறுவது இந்த நகலைத்தான். இது எவ்வளவு மெல்லிய ஏற்பாடு என்பது 2009 ஜூன் 25 அன்று, மைக்கேல் ஜாக்சன் இறந்த அன்று தெரிந்தது. அவரைப் பற்றிய கட்டுரையை ஒரே சமயத்தில் பலர் திருத்திக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பழைய நகல் செல்லாததாகிவிடும். உலகமே அந்த ஒரு பக்கத்தைக் கேட்க, எல்லா சர்வர்களும் அதே பக்கத்தைத் தனித்தனியாகக் கட்டத் தொடங்கி, மொத்தத் தளமும் படுத்துவிட்டது. அதன் பிறகுதான், ஒரு பக்கத்தை ஒரு சர்வர் கட்டட்டும், மற்றவை காத்திருந்து அதை வாங்கிக்கொள்ளட்டும் என்ற வரிசை முறையை எழுதினார்கள்.

அடுத்தது தூரம். ஒளியிழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். திருச்சியிலிருந்து, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் முக்கிய சர்வர்கள் இருக்கும் வர்ஜீனியா மாநிலத்து ஆஷ்பர்னுக்கு நேர்கோட்டிலேயே சுமார் 14,000 கிலோமீட்டர். போய்த் திரும்ப, எந்த நெரிசலும் இல்லாவிட்டாலும், 140 மில்லிநொடி. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் அதிகம். இதோடு முடிந்தால் பரவாயில்லை. முகவரி தேட ஒரு முறை, சர்வரோடு கைகுலுக்க ஒரு முறை, மறையாக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை, பிறகுதான் பக்கத்தைக் கேட்பது. 2015 ஜூனில் விக்கிப்பீடியா முழுவதும் பாதுகாப்பான இணைப்புக்கு மாற்றப்பட்டது. வாசகர் என்ன படிக்கிறார் என்பதை வேறு யாரும் பார்க்கக்கூடாது என்ற அந்த முடிவு சரியானது. ஆனால் அதன் விலையைத் தூரத்தில் இருப்பவர்தான் கூடுதலாகக் கொடுத்தார். ஆஷ்பர்னில் இருப்பவருக்கு அது விலையே அல்ல.

2018 மார்ச்சில் சிங்கப்பூரில் நகல் மையம் திறந்ததும் நம் நிலைமை மாறியது. திருச்சியிலிருந்து அது சுமார் 3,000 கிலோமீட்டர். திருச்சி விமான நிலையத்தில் ஏறி நாலு மணி நேரத்தில் அங்கே போய் இறங்குபவர்களின் ஊர் இது என்பதால், இந்த மையம் எவ்வளவு கிட்டே வந்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாசகரைப் பொறுத்தவரை, தமிழர்களுக்கு விக்கிமீடியா செய்து கொடுத்த பெரிய வேக உதவி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நகல் மையம் அடிக்கடி கேட்கப்படுவதைத்தான் கையில் வைத்திருக்கும். ரஜினிகாந்த் கட்டுரை எப்போதும் சிங்கப்பூரில் தயாராக இருக்கும். திருவெறும்பூர் எறும்பீசுவரர் கோயில் கட்டுரையை நேற்றிலிருந்து யாருமே கேட்கவில்லை என்றால் அது அங்கே இருக்காது. கேட்பு பசிபிக்கைத் தாண்டி அமெரிக்கா போய்த்தான் திரும்பும். சிறிய மொழியில், சிறிய ஊரைப் பற்றிய பக்கங்களுக்கு இது திரும்பத் திரும்ப நடக்கும். பொதுச் சராசரியில் இது தெரியாது, ஏனென்றால் சராசரியைத் தீர்மானிப்பவை பெரிய பக்கங்கள்.

இன்னொன்று அதைவிட முக்கியம். நகல் என்பது புகுபதிகை செய்யாத வாசகருக்கு. கணக்கு வைத்திருப்பவர் உள்ளே நுழைந்த நொடியிலிருந்து அவருக்கான பக்கத்தைத் தனியாகக் கட்ட வேண்டும். அந்தக் கட்டுமானம் நடப்பது அமெரிக்காவில். அவர் ‘சேமி’ என்று அழுத்தினால், எழுதியது முழுவதும் அங்கே போய், வார்ப்புருக்கள் (பல பக்கங்களில் திரும்ப வரும் ஆயத்தத் துண்டுகள்) விரிந்து, பகுப்புகளும் இணைப்புகளும் புதுப்பிக்கப்பட்டு, பிறகே திரும்பி வரும். ஆக, சும்மா படித்துவிட்டுப் போகிறவருக்கு விரைவான பாதையும், உட்கார்ந்து வேலை செய்பவருக்கு நீண்ட பாதையும் அமைந்திருக்கின்றன. யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்யவில்லை. ஆனாலும் உழைக்க வந்தவரைத்தான் இந்த அமைப்பு அதிகம் காக்க வைக்கிறது.

இது விக்கிமீடியாவின் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. 2014 டிசம்பரில், பிஎச்பி நிரலை வேகமாக இயக்கும் எச்எச்விஎம் என்ற இயந்திரத்துக்கு மாறியபோது, ஒரு திருத்தத்தைச் சேமிக்கும் சராசரி நேரம் ஆறு நொடியிலிருந்து மூன்று நொடியாகக் குறைந்தது. அந்த ஆண்டு உலகம் முழுவதும் 10 கோடிக்கும் அதிகமான திருத்தங்கள். மொத்தமாகப் பார்த்தால் ஆண்டுக்குப் பத்தாண்டு மனிதக் காத்திருப்பு மிச்சம் என்று அவர்கள் கணக்குக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2013இல், வார்ப்புருக்களை எழுத லுவா மொழி வந்திருந்தது. மேற்கோள்கள் குவிந்த நீண்ட கட்டுரைகளைச் சேமிக்கப் பட்ட பாடு அதில் பெருமளவு தீர்ந்தது.

வேகம் கூடியதும் புதியவர்கள் அதிகமாக எழுதினார்களா? இதைத்தான் அடுத்து கேட்க வேண்டும், அவர்களும் கேட்டார்கள். புதிதாகக் கணக்குத் தொடங்கியவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புதிய வேகத்தையும் மறுபிரிவுக்குப் பழைய வேகத்தையும் கொடுத்துச் சோதித்தார்கள். பங்களிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. என் வாதத்துக்கு இது எதிரான சான்று, அதை மறைக்கக்கூடாது. அதே சமயம், அந்தச் சோதனை அளந்தது கணக்குத் தொடங்கும் வரை வந்து சேர்ந்தவர்களை மட்டுமே. ஆறு நொடியை மூன்றாக்குவது ஒரு விஷயம். நான்கு நிமிடத்தை நாற்பது நொடியாக்குவது வேறு விஷயம். இரண்டாவதில் வருகிற ஆட்களே மாறிவிடுவார்கள்.

அது வெறும் ஊகமல்ல என்பதற்கு யூடியூபில் நடந்தது சாட்சி. 2009இல் கிறிஸ் சகரையாஸ் என்ற பொறியாளர், 1.2 மெகாபைட்டாக இருந்த காணொளிப் பக்கத்தை 100 கிலோபைட்டுக்குள் சுருக்கினார். வெளியிட்டு அளந்தபோது சராசரிக் காத்திருப்பு நேரம் குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. குழம்பிப்போய் ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைத்தது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் புதிய கூட்டம் வந்திருந்தது. முன்பு அவர்களுக்கு அந்தப் பக்கம் திறக்க இருபது நிமிடம் ஆகும். ஆகவே யாரும் திறக்கவில்லை, யாரும் கணக்கில் வரவுமில்லை. இப்போது இரண்டு நிமிடத்தில் வந்தது, காத்திருந்து பார்த்தார்கள். அவர்களுடைய இரண்டு நிமிடம் சராசரியை மேலே இழுத்துவிட்டது. மெதுவான தளத்தைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. அளவீட்டில் இருப்பவர் எல்லோரும் வந்து சேர்ந்தவர்களே.

விக்கிப்பீடியாவே தன் வாசகர்களிடம் ‘இந்தப் பக்கம் போதுமான வேகத்தில் வந்ததா?’ என்று கேட்டு, 60,000க்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. பிரெஞ்சு விக்கிப்பீடியாவில் தொடங்கிய அந்தக் கேள்விக்கு ஏறத்தாழ 85 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். இதைப் படித்து நிம்மதி அடையலாம். ஆனால் அந்தக் கேள்வியும் பக்கம் வந்த பிறகு அதன் நடுவில் தோன்றுவதுதானே. பக்கமே வராதவர் எந்தப் பொத்தானை அழுத்துவார்?

இனி தமிழுக்கே உரிய சுமைகள். ‘திருவெறும்பூர்’ என்று எழுதினால் நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் அது 14 குறிகள்: தகரம் ஒன்று, அதன் இகரக் குறி ஒன்று என்று இப்படி. இணையத்தில் பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், மொத்தம் 42. அதே ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 13 பைட்தான். இணைய முகவரியாக மாறும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரிவதால், நம் ஊர்ப்பெயர் 126 எழுத்து நீளமாகிவிடும். வாட்ஸ்அப்பில் தமிழ் விக்கிச் சுட்டி அனுப்பும்போது சதவீதக் குறிகளாக நீண்டு வருவது இதனால்தான்.

பயணத்தின்போது உரை அமுக்கப்பட்டுச் செல்வதால் இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு வழியில் கரைந்துவிடும். ஆனால் மென்பொருளுக்குள் இருக்கும் வரம்புகள் அமுக்காத பைட்டைக் கணக்கிடுகின்றன. மீடியாவிக்கியில் ஒரு தலைப்புக்கு 255 பைட். தமிழில் அது 85 குறிகளில் தீர்ந்துவிடும். ஒரு பக்கத்தில் வார்ப்புருக்கள் விரிவதற்கு 2 மெகாபைட் எல்லை. சர்வர் திணறாமல் இருக்கவே வைத்த வரம்பு அது. ஆங்கிலத்தில் அந்த எல்லைக்கு வெகு தூரத்தில் நிற்கும் ஒரு கட்டுரை, தமிழில் அதே மேற்கோள்களோடு எல்லையை முட்டிவிடும். முட்டினால், பக்கத்தின் அடியில் இருக்கும் வார்ப்புருக்கள் விரியாமல் வெறும் இணைப்புகளாக நிற்கும். கட்டுரையை நாள்கணக்கில் வளர்த்தவர் தான் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று நினைப்பார். அவர் செய்த தவறு எதுவுமில்லை.

எழுத்துருவின் கதை இன்னும் கசப்பானது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரும்பாலான போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒபேரா மினி உலாவியில் ஒரு ரகசிய அமைப்புப் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாக அனுப்பும்படி மாற்றிவைத்தால்தான் படிக்க முடியும். அந்த உபாயத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தே ஒரு தலைமுறை போனில் தமிழ் படித்தது. எழுத்துக்குப் பதில் படம் வருவதால் டேட்டா கூடத்தான் செலவாயிற்று. விக்கிமீடியா இதற்கு ஒரு வழி செய்தது. எழுத்துரு இல்லாதவருக்குப் பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்புவது, தட்டச்சுக் கருவியையும் உலாவிக்குள்ளேயே கொடுப்பது. 2013இல் இவை இரண்டும் ஒரே மொழித்தேர்வுக் கருவியாக எல்லா விக்கிகளுக்கும் வந்தன. எழுத்துரு இறங்குவதால் பக்கங்கள் மெதுவாகின்றன என்று பொறியாளர்கள் கண்டதும், 2014 ஜனவரி 21 அன்று கருவி அணைக்கப்பட்டது. கணக்கு வைத்திருப்பவர் விரும்பினால் தன் விருப்பத்தேர்வில் போய் இயக்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

வேகத்துக்காகச் செய்த அந்த முடிவைக் குற்றம் சொல்ல மாட்டேன். எழுத்துருவையும் தட்டச்சையும் ஒரே கட்டில் கட்டியதுதான் பிழை. எடை முழுவதும் எழுத்துருவில் இருந்தது, தட்டச்சு இலகுவானது. ஒன்றை அணைக்க மற்றதும் அணைந்தது. பிரௌசிங் சென்டர் கணினியில் தமிழ் அடிக்க வேறு வழி இல்லாமல், கணக்கும் இல்லாமல் ஒரு பிழையைத் திருத்த வந்தவருக்கு அன்று கதவு மூடியது. வேகத்துக்கான மருந்து வேகமான இணைப்பு உள்ள ஊரில் இருந்து எழுதப்பட்டால் இப்படி ஆகும்.

மெதுவின் பாரத்தை முழுதாகப் பார்க்க வேண்டுமானால், பழைய நூல்களை உரையாக்கும் விக்கிமூலத்துக்குப் போக வேண்டும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மின்படிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கியது. அவற்றைக் கூகிளின் எழுத்துணரி வழியாக உரையாக்கி ஏற்ற, கணியம் மின்னிதழின் த. சீனிவாசன் ஒரு நிரல் எழுதினார். எந்திரம் செய்தது அவ்வளவுதான். மீதியை மனிதக் கண்தான் செய்ய வேண்டும். திரையில் ஒரு பக்கம் உரைப்பெட்டி, மறுபக்கம் பழைய அச்சுப் பக்கத்தின் படம். ணகரமும் னகரமும் இடம் மாறியிருக்கும், துணைக்கால் ரகரமாகியிருக்கும், ஓரத்துக் கறை ஒற்றாகியிருக்கும். திருத்திச் சேமித்தால் அந்தப் பக்கம் சிவப்பிலிருந்து மஞ்சளாகும். வேறொருவர் மீண்டும் சரிபார்த்தால் பச்சை.

வலது பக்கத்துப் படம் எங்கேயும் தயாராக இல்லை. முழு நூலும் ஒரே பிடிஎஃப் கோப்பு. நாம் 137ஆம் பக்கத்தைத் திறந்தால், சர்வர் அந்தக் கோப்பைப் பிரித்து அந்த ஒரு பக்கத்தைப் படமாக்கி அனுப்ப வேண்டும். முதலில் திறப்பவர் அதற்காகக் காத்திருப்பார். மெய்ப்புப் பார்ப்பவர்தான் எப்போதும் முதல் ஆள். திறக்கவும் சேமிக்கவும் சேர்த்துப் பக்கத்துக்குக் கால் நிமிடம் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். 200 பக்க நூலுக்கு 50 நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவே இணைப்பு விட்டுவிட்டு வந்தால், அமர்வுத் தரவு தொலைந்துவிட்டது, மீண்டும் முயலுங்கள் என்ற செய்தி. பழகியவர் அழுத்துவதற்கு முன் உரையை நகலெடுத்து வைத்துக்கொள்வார். முதல் நாள் வந்த கல்லூரி மாணவிக்கு அது தெரியாது. அவள் திருத்திய பக்கம் போய்விடும், பெரும்பாலும் அவளும் போய்விடுவாள். ஒரு பயிலரங்கில் முப்பது நாற்பது பேர் ஒரே வைஃபையில் இருக்கும்போது இது எவ்வளவு விரைவில் நடக்கும் என்று, நடத்திப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு நேர் எதிரே மதுரைத் திட்டம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வாழும் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கியது. எளிய எச்டிஎம்எல் பக்கங்கள். அலங்காரம் இல்லை, பின்னணியில் ஓடும் நிரல் இல்லை. தட்டச்சும் மெய்ப்பும் தன்னார்வலர்களின் வீட்டுக் கணினியில் நடந்தன, முடிந்த கோப்பு மின்னஞ்சலில் போனது. வேலை செய்பவர் இணையத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதால், டயல்-அப் காலத்து மோடத்தோடே சங்க நூல்கள் ஏறின. நவீனமானது என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். 64 கிலோபிட்டில் இன்றும் திறக்கிறது.

மென்பொருள் பக்கமும் அப்படித்தான். இணைப்பு மெதுவாக இருந்த காலத்தில் உபுண்டு இயங்குதளத்தின் குறுந்தகட்டைக் கேட்டவர் வீட்டுக்கே இலவசமாகத் தபாலில் அனுப்பும் ஏற்பாட்டைக் கனோனிக்கல் நிறுவனம் 2005 முதல் 2011 வரை நடத்தியது. தளத்தின் வேகத்தைக் கூட்ட முடியாதபோது தளத்தையே சுற்றிக்கொண்டு போனார்கள். நல்ல இணைப்பு இருந்த இடத்தில் வேறு கதை: துவாக்குடி என்ஐடி மாணவர்கள் தங்கள் பிரக்யான் விழாத் தளத்துக்காக எழுதிய மேலாண்மை நிரலைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டவர்கள். அப்படிப்பட்ட ஆர்வம் இந்த வட்டாரத்தில் முளைத்ததற்கு வளாகத்து நல்ல இணைப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அதே சாலையில் உள்ள மற்றக் கல்லூரிகளின் மாணவருக்கு அந்த இணைப்பு கிடையாது.

கடந்த சில ஆண்டுகளில் மெதுவுக்குப் புதிய காரணம் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்க இணையத்தை அள்ளும் எந்திரங்கள். 2024 ஜனவரிக்குப் பிறகு பல்லூடகப் பதிவிறக்கம் 50 சதவீதம் கூடிவிட்டது என்றும், தங்களுக்கு அதிகச் செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 சதவீதம் எந்திரங்களுடையது என்றும் விக்கிமீடியா 2025 ஏப்ரலில் சொன்னது. காரணம் முன்பு பார்த்ததுதான்: மனிதர் பெரிய பக்கங்களைக் கேட்பார், அவை நகலில் இருக்கும். எந்திரம் யாரும் தொடாத மூலைப் பக்கத்தையும் விடாமல் கேட்கும், அது ஒவ்வொன்றும் மைய சர்வருக்குப் போகும். க்னோம், கேடிஈ, சோர்ஸ்ஹட் போன்றவற்றின் நிரல் களஞ்சியங்களும் இதே வெள்ளத்தில் திணறின.

தடுப்புக்காக 2025 தொடக்கத்தில் ஸி யாசோ எழுதிய அனுபிஸ் என்ற காவல் நிரலைப் பல திட்டங்கள் நிறுவின. வருபவரின் உலாவியிடம் ஒரு கணக்கைக் கொடுத்து, போட்டு முடித்தால்தான் உள்ளே விடும். ஆயிரக்கணக்கான பக்கம் கேட்கும் எந்திரத்துக்கு அது செலவு. ஒருமுறை வரும் மனிதருக்குப் பெரிதாகத் தெரியாது என்பது கணிப்பு. புது மடிக்கணினி வைத்திருப்பவருக்கு உண்மைதான். ஏழாயிரம் ரூபாய் போனில் அதே கணக்கு பலமடங்கு நேரம் எடுக்கும், பேட்டரியும் இறங்கும். தளத்தைக் காப்பாற்ற வேறு வழி இல்லாமல் செய்த காவல் அது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அள்ளிக்கொண்டு போன நிறுவனங்கள் கட்ட வேண்டிய விலையைக் கடைசியில் அந்தப் போன்காரர் கட்டுகிறார். இது அநியாயம்.

செய்யக்கூடியவை உண்டு. இணைப்பே இல்லாமல் விக்கிப்பீடியாவைப் படிக்க வைக்கும் கிவிக்ஸ் 2007 முதல் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு பள்ளியின் கணினி அறையில் ஒரு பழைய இயந்திரத்தில் அதை வைத்தால் அறை முழுவதும் உடனே கிடைக்கும். வாசிப்புக்கு இது போதும், எழுதுவதற்கு உதவாது. மெய்ப்புப் பணிக்கு, நூலின் பக்கப்படங்களை முன்கூட்டியே ஒருமுறை உருவாக்கி வைப்பது, உரையையும் படத்தையும் சேர்த்து இறக்கி வீட்டில் திருத்திப் பிறகு மொத்தமாக ஏற்றுவது என்ற இரண்டும் நிரல் எழுதத் தெரிந்த ஓரிருவர் கைவைத்தால் நடக்கக்கூடியவை. இந்தியாவில் விக்கிமீடியாவுக்கு நகல் மையம் இல்லை, அதைக் கேட்கலாம். ஆனால் அது திருத்தும் பாதையைக் குறுக்காது என்பதை நினைவில் வைத்துக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டியது எண். விக்கிமீடியாவின் தொகுப்புப் பெட்டி ஒவ்வொரு முயற்சியின் படிகளையும் தனித்தனியாகப் பதிவு செய்கிறது: பெட்டி திறக்கத் தொடங்கியது, எழுதத் தயாரானது, சேமிக்க அழுத்தப்பட்டது, சேமிப்பு வெற்றி, அல்லது பாதியில் கைவிடப்பட்டது. திறக்கத் தொடங்கியும் தயாராகாமல் போனவை எத்தனை, அழுத்தியும் சேராதவை எத்தனை என்பதைத் தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் விக்கிமூலத்துக்கும் மட்டும், போன் வேறு கணினி வேறாகப் பிரித்துத் தரும்படி தமிழ்ச் சமூகம் முறையாகக் கேட்கலாம். இணைப்பு வேக வாரியாகவும் பிரித்துத் தந்தால் இன்னும் நல்லது. யூடியூபில் ஒரு பொறியாளர் தற்செயலாகக் கண்டதை நாம் தேடியே காணலாம்.